பழைய லென்ஸுக்கு எந்த பாடி?

ஃபிலிமில் கை பழகியவர் முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர் வாங்கக் கடைக்குப் போனால், முதலில் காதில் விழுவது மெகாபிக்சல் கணக்கு. அதை ஓரமாக வைத்துவிடலாம். செகண்ட் ஹேண்டில் இன்று கிடைக்கும் பாடிகளில் பல 24 மெகாபிக்சலை ஒட்டியவை. கல்யாண ஆல்பத்துக்கு அது தாராளம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: வீட்டில் இருக்கும் லென்ஸை மாட்டினால் மீட்டர் வேலை செய்யுமா?

திருநெல்வேலி மேலப்பாளையத்தில் இந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம். வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் அந்நாளில் கொண்டுவந்த கேமராக்கள் இன்னும் சில வீட்டு அலமாரிகளில் துணி சுற்றிக் கிடக்கின்றன. விஸ்காம் படித்தவர்கள் பலருக்கு நிக்கான் எஃப்எம்10தான் முதல் கேமரா. அதில் இருப்பது 1959-இல் வந்த எஃப் மவுண்ட்; நிக்கானின் டிஜிட்டல் எஸ்எல்ஆர்களிலும் அதே மவுண்ட்தான். ஆனால் லென்ஸ் மாட்டுவது வேறு, வேலை செய்வது வேறு.

அதைப் பார்க்க, 50 எம்எம் எஃப்/1.8 மேனுவல் லென்ஸ் ஒன்றை இரண்டு செகண்ட் ஹேண்ட் பாடிகளில் மாட்டினேன். ஒன்று 2018-இல் வந்த டி3500, மற்றது 2015-இல் வந்த டி7200. இரண்டுமே இப்போது தயாரிப்பில் இல்லை.

மீட்டர்

டி3500-இல் லென்ஸ் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்துவிடும். ஆனால் என்ன லென்ஸ், என்ன அபர்ச்சர் என்பது பாடிக்குத் தெரியாது. எம் மோடுக்குப் போனால்தான் ஷட்டர் விழும், மீட்டர் கிடையாது. ஃபிலிமில் படித்தவருக்கு இது பெரிய இடி இல்லை. நல்ல வெயிலில் எஃப்/16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125 என்ற பழைய வாய்ப்பாடு திருநெல்வேலி நண்பகலில் அப்படியே பலிக்கிறது. தெருவுக்குள் நுழைந்ததும்தான் சிக்கல். ஒரு பக்கச் சுவர் வெயிலில், எதிர்த் திண்ணை நிழலில் என்றிருக்கும் சந்தில், பத்தடிக்கு ஒருமுறை ஊகித்து, ஸ்கிரீனைப் பார்த்து, திருத்த வேண்டியிருக்கிறது.

டி7200-இன் மவுண்ட் விளிம்பில் ஒரு சிறு நெம்பு உண்டு. லென்ஸின் அபர்ச்சர் வளையம் எங்கே நிற்கிறது என்பதை அது உணரும். மெனுவில் ஒரு தடவை ‘50, 1.8’ என்று பதிந்துவிட்டால் போதும்; வளையத்தைத் திருப்பத் திருப்ப வ்யூஃபைண்டரில் எண் மாறுகிறது, மீட்டர் ஓடுகிறது, ஏ மோடும் வேலை செய்கிறது. இப்படி ஒன்பது லென்ஸ்களைப் பதிந்து வைக்கலாம்.

புதியது நல்லது என்று நினைப்பவர் தடுக்கி விழும் இடமும் இதுதான். 2017-இல் வந்த டி7500-இல் இந்த நெம்பை எடுத்துவிட்டார்கள். இன்னொரு எச்சரிக்கை: 1977-க்கு முந்தைய, மாற்றம் செய்யப்படாத நிக்கான் லென்ஸை டி7200-இல் மாட்டினால் நெம்பு உடையக்கூடும். டி3500-இல் நெம்பே இல்லாததால் அந்தப் பயம் இல்லை.

வ்யூஃபைண்டர்

டி3500-இல் கண்ணாடிகளால் ஆன மலிவான அமைப்பு. சட்டகத்தில் 95 சதவீதம்தான் தெரியும். டி7200-இல் முழுப் பிரிசம், 100 சதவீதம். எஃப்எம்10-இன் நடுவில் இரண்டாகப் பிளந்து காட்டும் ஃபோகஸ் வட்டம் இரண்டிலுமே இல்லை. ஓரத்தில் எரியும் பச்சைப் புள்ளியை நம்ப வேண்டியதுதான். எஃப்/4-இல் அது சரியாகச் சொல்கிறது. எஃப்/1.8-இல் கண்ணுக்குப் பதில் புருவத்தில் ஃபோகஸ் நிற்கும் படங்கள் வரத்தான் செய்கின்றன.

இரண்டிலும் சென்சார் ஃபிலிமைவிடச் சிறியது. 50 எம்எம் லென்ஸ் 75 எம்எம் போலக் காட்டும். நிக்காஹ் மேடையில் மாப்பிள்ளை முகத்துக்கு அது அழகு. மேலப்பாளையத்துச் சந்தில் பின்னால் போக இடமில்லாமல் முதுகு சுவரில் இடிக்கும்.

வெயிலும் தூசியும்

கலர் நெகட்டிவில் ஒரு ஸ்டாப் கூடுதலாக ஒளி விழுந்தாலும் லேபில் சமாளித்துவிடுவார்கள், குறைந்தால்தான் கஷ்டம். டிஜிட்டலில் இது தலைகீழ். வெளிறிப்போன வெள்ளை திரும்பாது. இருட்டிலிருந்து நிறைய மீட்கலாம். மேலப்பாளையத்தின் செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தை இதற்கு நல்ல பரீட்சை. வெள்ளைச் சட்டைக்காரர், பக்கத்தில் கறுப்புக் கிடா, உச்சி வெயில். டி7200-இல் முக்கால் ஸ்டாப் குறைத்து ரா-வில் எடுத்தபோது சட்டையின் மடிப்பு நின்றது; கணினியில் நிழலைத் தூக்கினால் கிடாவின் முடியும் தெரிந்தது.

ஃபிலிமில் ஒவ்வொரு படத்துக்கும் புதுத் துண்டு நகர்ந்து வரும். தூசி ஒரு படத்தோடு போய்விடும். சென்சாரில் விழுந்த தூசி எல்லாப் படத்திலும் அதே இடத்தில் நிற்கும். டி7200-இல் சென்சாரை அதிரவைத்துத் தூசி உதிர்க்கும் வசதி உண்டு. ஆனாலும் சந்தைக்குள் லென்ஸ் மாற்றாமல் இருப்பதே நல்லது.

எடையில் டி3500 ஜெயிக்கிறது. பேட்டரி, கார்டோடு 415 கிராம், எஃப்எம்10 அளவுதான். டி7200 அதே கணக்கில் 765 கிராம். கூந்தன்குளத்தில் காலையிலிருந்து நாரைகளுக்காக நிற்பவர் தோளில் அந்த வித்தியாசம் தெரியும்.

வேறு பிராண்டு

கேனான் 1987-இல் மவுண்ட்டையே மாற்றிவிட்டது. அதனால் பழைய எஃப்டி லென்ஸ்கள் அதன் டிஜிட்டல் எஸ்எல்ஆரில் நேரடியாகப் பொருந்தாது. வேடிக்கை என்னவென்றால், ஒரு சாதாரண அடாப்டர் வளையம் போட்டால் நிக்கான் லென்ஸும், ஜெனிட்டின் திருகு லென்ஸும் கேனானில் மாட்டும். பென்டாக்ஸ் கே1000 வைத்திருப்பவருக்குப் பென்டாக்ஸ் டிஜிட்டலே பொருத்தம்; நம் ஊர்க் கடைகளில் தேடிப் பிடிப்பதுதான் பாடு. மிரர்லெஸ் பாடிகளில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யலாம். மேனுவல் லென்ஸுக்கு அது மேல். ஆனால் பாடியும் அடாப்டரும் சேர்ந்தால் பட்ஜெட் தாண்டிவிடும்.

செகண்ட் ஹேண்டில் பார்க்க வேண்டியவை

ஷட்டர் எத்தனை முறை விழுந்திருக்கிறது என்று கேளுங்கள். டி7200-இன் ஷட்டர் 1,50,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. கல்யாண வேலையில் ஓடிய பாடி சீக்கிரமே அதை நெருங்கிவிடும். லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் ஃபங்கஸ். ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவில் பூட்டிவைத்த லென்ஸ்களில் அது சாதாரணம். வெளிர்வானம் ஒன்றை எஃப்/16-இல் எடுத்தால் சென்சார் தூசி தெரிந்துவிடும்.

முடிவு

வீட்டில் நிக்கான் மேனுவல் லென்ஸ் இருந்தால் டி7200. அதே வேலையை இன்னும் குறைந்த விலையில் செய்ய 2010-இன் டி7000-உம் போதும். 16 மெகாபிக்சல் ஒரு குறையே இல்லை. பழைய லென்ஸ் எதுவும் இல்லாதவர் டி3500-ஐ 18-55 லென்ஸோடு வாங்கி, மிச்சப் பணத்தில் 35 எம்எம் எஃப்/1.8 ஜி சேர்த்துக்கொள்ளலாம். நம் சந்துகளுக்கு அது சரியான அளவு.

பழைய லென்ஸுக்காக எந்த நிக்கான் பாடி வாங்கினாலும் அந்த லென்ஸைக் கடைக்கு எடுத்துப்போங்கள். மாட்டி, வளையத்தைத் திருப்புங்கள். வ்யூஃபைண்டரில் எண் மாறாவிட்டால், மற்ற சிறப்புகளைக் கடைக்காரர் எவ்வளவு அடுக்கினாலும் அடுத்த பாடியைக் கேளுங்கள்.