எதனோடு ஒப்பிட்டார்கள்?

ஜிம்மில் பிசிஏஏ என்று விற்கப்படும் பொடி, லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்களின் கலவை. தசை வளரும், களைப்பு தள்ளிப்போகும், வலி குறையும் என்று நம்பி வாங்குகிறார்கள். இதில் ஆதாரமே இல்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2017இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு ஒன்றில், எடைப் பயிற்சி முடித்த இளைஞர்களுக்கு 5.6 கிராம் பிசிஏஏ கொடுத்தார்கள். அடுத்த சில மணி நேரத்தில் தசைப் புரத உற்பத்தி 22 சதவீதம் கூடியிருந்தது.

எதைவிடக் கூடியது? புரதமே இல்லாத பானத்தைவிட. அதே அளவு பிசிஏஏ இயல்பாகவே அடங்கிய, பாலிலிருந்து எடுக்கும் வே புரதம் முந்தைய சோதனையில் காட்டிய உயர்வில் இது ஏறக்குறையப் பாதிதான். தசை கட்ட, உடலால் தயாரிக்க முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் வேண்டும். லூசின் அந்த வேலையை முடுக்கிவிடும், உண்மை. ஆனால் கொத்தனார் வந்தும் செங்கல் வராத நிலை அது. மீதி ஆறையும் உடல் தன்னிடமுள்ள புரதத்தை உடைத்தே எடுக்க வேண்டும். முட்டையிலும் பாலிலும் ஒன்பதும் சேர்ந்தே வருகின்றன. சில மணி நேர உற்பத்தி அளவை மாதக்கணக்கில் வளரும் தசைக்குச் சமமாகப் பேசுவதும் பிழை.

களைப்புக்கான சான்று இன்னும் மெலிந்தது. 1991இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், மாரத்தானில் சற்று மெதுவாக ஓடியவர்களுக்கு மட்டுமே பலன் தெரிந்தது. 1995இல் சைக்கிள் வீரர்களிடம் சோதித்தபோது அதுவும் இல்லை. மறுநாள் தசைவலி ஓரளவு குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அதை ஏற்கலாம், ஆனால் வலி குறைவதால் பலம் கூடிவிடாது.

அமினோ அமிலம் என்றாலே வீண் என்பதல்ல என் வாதம். பீட்டா அலனின் தசையில் கார்னோசினைப் பெருக்கி, கடும் முயற்சியில் சேரும் அமிலத்தன்மையைத் தாங்க உதவுகிறது. தினம் 4 முதல் 6 கிராம் வீதம் சில வாரம் எடுத்தால், 1 முதல் 4 நிமிடம் வரையிலான முழுவேக முயற்சிகளில் சிறு முன்னேற்றம் கிடைக்கிறது. 800 மீட்டர் ஓடுபவருக்கு அந்தச் சிறிதே பெரிது.

பிசிஏஏ பற்றி எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2014இல் வெளியான கனடா ஆய்வு. காரணம், அது உணவுப் புரதத்தையே அளவுகோலாக வைத்தது. வெறும் 6.25 கிராம் வே புரதத்தோடு போதுமான லூசினைச் சேர்த்தபோது, 25 கிராம் வே புரதம் தந்த பலனே கிடைத்தது. ஐசோலூசினையும் வாலினையும் கூடச் சேர்த்தபோதோ அந்தப் பலன் குறைந்துபோனது. பிசிஏஏ டப்பாவில் இருப்பது இந்த மூன்றும் சேர்ந்த கலவைதான்.