யாருடைய மூளை?

நம்ம கூட்டங்களில் கறுப்பினக் கண்டுபிடிப்பாளர்களின் பட்டியல் வாசிக்கப்படும்போது காரட் மோர்கன் பேரும் வரும். 1877-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்தவர். நச்சுப்புகைக்குள் மூச்சுவிட உதவும் தலைமூடிக்கு 1914-ல் காப்புரிமை பெற்றார். போக்குவரத்து சிக்னலுக்கு 1923-ல். பட்டியல் அத்தோடு நின்னுபோகுது. தலைமூடியை அவர் எப்படி விற்றார் என்பது அதில் இல்லை.

கறுப்பர் செய்த பொருள் என்றால் தெற்கு மாநிலங்களில் வாங்கமாட்டாங்க. அதனால் ஒரு வெள்ளை நடிகரைக் கண்டுபிடிப்பாளராக நிற்கவைத்தார். தான் அமெரிக்கப் பழங்குடி வேடம் கட்டிப் புகைக்கூடாரத்துக்குள் போய்க் காட்டினார். 1916-ல் கிளீவ்லாந்தில் ஈரி ஏரிக்கு அடியில் சுரங்கம் வெடித்தபோது, அந்த மூடியை மாட்டிக்கொண்டு இறங்கி ஆட்களைத் தூக்கிவந்தவரும் அவர்தான். கார்னகி வீரப்பதக்கம் வேற ஆளுங்களுக்குப் போச்சு.

உடம்பு இவனுடையது, மூளை அவனுடையது என்று பிரித்துக் காட்டினால்தான் சரக்கு விலைபோனது. அந்தப் பிரிப்பை விட்டுவிட்டு மோர்கனை 'மேதை' என்று மட்டும் கொண்டாடுவது பாதிக்கதை.

மீதிக்கதை நம்ம பக்கமும் நடக்குது. திருப்பாலைவனத்துக்குப் பக்கத்தில், பழவேற்காடு ஏரியில் இருளர்கள் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறாங்க. தண்ணியும் சேறும் விரலுக்குத் தெரியணும். பார்க்கிறவர்கள் அதை வறுமை என்பார்கள்; அறிவு என்று சொல்ல வாய் வராது.

அதே சமூகத்தார் வடநெம்மேலியில் 1978-ல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் விஷத்தை எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விடுறாங்க. விஷம் இல்லாமல் பாம்புக்கடிக்கு மருந்து ஏது? 2017-ல் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் மலைப்பாம்பு பிடிக்க ஃபுளோரிடாவுக்கே கூட்டிப்போனார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. எந்தப் பிரிவில்? சமூகசேவை! அறிவியலுக்கென்று தனிப்பிரிவு அந்த விருதிலேயே இருக்கு.

விருது வேணாம்னு நான் சொல்லலை. அதன் பேரைத்தான் கேக்கிறேன். 'அவங்க ரத்தத்துல ஊறினது' என்று பாராட்டுகிறவர்களையும் கேக்கணும். ரத்தத்தில் ஊறியது என்றால் யாரும் கத்துக்கலை, யாரும் யோசிக்கலை என்று ஆகிப்போகுது. தடம் பார்த்து, பொந்து பார்த்து, தவறினால் உசுரே போகும் இடத்தில் சரிபார்த்து, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்த அறிவு அது. அதை ரத்தத்தின் கணக்கில் எழுதுவது, மோர்கனின் மூளையை நடிகரின் கணக்கில் எழுதியதைப் போலத்தான்.

இனி மேடையில் மோர்கன் பேரை வாசிக்கும்போது அந்த வெள்ளை நடிகரையும் சேர்த்துச் சொல்லுங்க. அப்போதுதான் நம்ம ஊரில் அந்த வேடத்தில் நிற்கிறவர்கள் யார் யார் என்று கேட்கத் தோணும்.