நாடாது விளைந்த தேறலும் நாடி விளைத்த தோப்பியும்: சங்கச் செய்யுள்களில் மது ஆக்கம் பற்றிய ஒரு நோக்கு

சங்க இலக்கியத்தில் மது பெறும் இடத்தைப் பற்றிய நோக்குகள் பெரும்பாலும் இரு நெறிப்பட்டனவாக அமைந்துள்ளன. மதுவைப் புரவலனது கொடையின் அடையாளமாக மட்டுங் கண்டு, வேந்தனும் பாணனும் ஒருங்கிருந்து பருகிய பொற்காலத்தை வியப்பது ஒரு நெறி. பிற்கால அறநூல்களின் கண்கொண்டு நோக்கி, பழந்தமிழரிடத்துக் காணப்பட்ட ஒரு குறையாக அதனைக் கருதி, விரைந்து கடந்து செல்வது மற்றொரு நெறி. ஒன்று போற்றுகின்றது, மற்றொன்று நாணுகின்றது. ஆயினும் இரண்டும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. மதுவை உண்டவர் யார் என்பதை இரண்டும் வினவுகின்றன. அதனை ஆக்கியவர் யார் என்பதை இரண்டும் வினவுவதில்லை. இவ்வினாவினையே நாம் இக்கட்டுரையில் எழுப்ப விழைகின்றோம். கள், நறவு, தேறல், மட்டு, அரியல், பிழி, தோப்பி எனப் பல பெயர்களால் வழங்கப்பட்ட பானங்களுட் சில இல்லங்களில் ஆக்கப்பட்டன. அவற்றின் ஆக்கமுறை செய்யுளில் எவ்வாறு இடம்பெறுகின்றது, எவ்விடத்தில் மறைந்துபோகின்றது என்பவற்றை நோக்கின், சங்கச் சமுதாயம் பற்றியும் அதனைப் பாடிய புலவரது நிலைப்பாடு பற்றியும் சில உண்மைகள் புலப்படும்.

முதலிற் கபிலரது இரு காட்சிகளை எடுத்துக்கொள்வோம். அகநானூற்றின் இரண்டாஞ் செய்யுளில், முதிர்ந்த வாழைக் கனிகளும் மலைச்சாரற் பலாவின் சுளைகளும் பாறையிடத்துச் சுனையில் வீழ்ந்து ஊறித் தேறலாகின்றன. அஃது இன்னதென அறியாது பருகிய ஆண்குரங்கு, அருகில் நின்ற மிளகுக்கொடி படர்ந்த சந்தன மரத்தில் ஏறமாட்டாது, உதிர்ந்த பூக்களின்மேற் கிடந்து உறங்குகின்றது. குறிஞ்சிப்பாட்டிலும் இத்தகையதொரு சுனை வருகின்றது. மாங்கனி, தேன், பலாக்கனி ஆகியன அதிற் சேர்ந்து விளைகின்றன. நீரெனக் கருதி அதனைக் குடித்த மயில், விழாக்களத்திற் கயிற்றின்மேல் ஆடும் மகளைப்போலத் தளர்ந்து நடக்கின்றது.

இவ்விரு காட்சிகளையும் இயற்கை வருணனை என்னும் பொதுச்சொல்லால் அடக்கிவிடுதல் எளிது. ஆனாற் கபிலர் இங்குக் காட்டுவது பொருளியல்பிற் பிழையற்ற ஒரு செய்தியாகும். கனிகளில் வெல்லம் இயல்பாகவே உண்டு. அவற்றின் தோலில் மதுவம் இயல்பாகவே வாழ்கின்றது. கனி நசிந்து நீரிற் கலந்து சில நாட் கிடப்பின் நொதித்தல் தானாகவே நிகழும். மனிதக்கை அங்கு வேண்டப்படுவதில்லை. அகப்பாட்டிலே தோழி இதனையே தன் வாதத்திற்கு அடிப்படையாக்குகின்றாள். நாடாமல் வந்தெய்தும் இன்பத்தைத் தலைவனது மலையின் விலங்குகளும் எளிதிற் பெறுகின்றன. அவ்வாறாயின், நாடிய இன்பம் தலைவனுக்கு அரிதாகுமோ என்பது அவளது கூற்றின் சாரம். நாடாது விளைவதற்கும் நாடி விளைப்பதற்கும் இடையிலான இவ்வேறுபாட்டை நாம் மது ஆக்கத்திற்கும் ஏற்றிப் பார்க்கலாம்.

ஏனெனில், நெல்லில் மது தானாக விளையாது. அரிசியில் உள்ளது மாப்பொருள். மதுவம் மாப்பொருளை நேரே நொதிக்கச் செய்யமாட்டாது. மாப்பொருள் முதலில் வெல்லமாக மாற்றப்படல் வேண்டும். அதற்குத் தானியத்தை முளைக்கவைத்து அம்முளையில் தோன்றும் நொதியங்களைப் பயன்படுத்தல் ஒரு வழி. மாப்பொருளைச் சிதைக்கும் பங்கசு வகைகளை வளர்த்துக் கலத்தல் மற்றொரு வழி. முன்னதையே ஐரோப்பியரின் பியர் ஆக்கம் கைக்கொண்டது. பின்னதைக் கீழை ஆசிய நாடுகளின் அரிசி மதுக்கள் கைக்கொண்டன. எவ்வழியாயினும் அது தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவையும் திட்டமிட்ட உழைப்பையும் வேண்டி நிற்பது. கனித்தேறல் இயற்கையின் தற்செயல். நெற்கள்ளோ மனிதனின் தொழில்.

இத்தொழிலைச் சங்கச் செய்யுள்களிலே மிக விரிவாகக் கூறுவது கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையாகும். தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் வழியில் வலைஞர் குடியிருப்பிற் பாணன் பெறவிருக்கும் விருந்தினைக் கூறுமிடத்து, புலவர் ஆக்கமுறையினைப் படிப்படியாகத் தருகின்றார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்தல், அக்களியை வாயகன்ற தட்டுப் பிழாவில் இட்டு ஆற்றுதல், நல்லடையை அதனோடு கலத்தல், இரு பகலும் இரு இரவும் கழியவிடல், வலிய வாயினையுடைய சாடியிற் பச்சை வாடை நீங்க முதிரச் செய்தல், இறுதியில் விரலால் அலைத்துப் பிழிந்தெடுத்தல் என்பன அப்படிகளாம். இவற்றுள் ஒன்றேனும் வீணாக வந்ததன்று. களியை ஆற்றாது அடையைக் கலப்பின், வெப்பம் நொதியத்தையும் மதுவத்தையும் அழித்துவிடும். எமது வெப்பநிலையில் இரு நாள் நொதித்தல் மென்மையான ஒரு மதுவைத் தரப் போதுமானது. கேள்வியறிவால் மட்டும் ஒரு புலவர் இவ்வொழுங்கைத் தந்திருத்தல் அரிது. அடுவாரின் அருகிருந்து கண்டவரே இவ்வாறு பாடியிருத்தல் கூடும்.

நல்லடை என்பதன் பொருள் ஆய்விற்குரியது. நெல்முளையை இடித்துச் செய்த அடை என்றே உரைமரபு கொள்கின்றது. ஆனாற் புலவர் அதற்குக் கூறும் உவமை பாம்பு உறையும் புற்றின் குரும்பியாகும். புற்றாஞ்சோறு என்பதும் அதுவே. கறையான்கள் பங்கசினை வளர்க்கும் துளைமலிந்த கூடு அது. உவமை வெறும் தோற்றத்தைக் குறித்ததாயின் உரைமரபிற்குத் தடையில்லை. மேற்புறத்திற் பங்கசு பூத்த அடையினையே அது குறித்ததாயின், கீழை ஆசிய முறைக்கு நெருங்கியதோர் ஆக்கமுறையை நாம் எண்ணவேண்டியிருக்கும். செய்யுள் கொண்டு மட்டும் இதனை முடிவுசெய்தல் இயலாது. உரைகாரர் கூறியதோடு அமையாது, இலக்கிய மாணவரும் விஞ்ஞான மாணவரும் கூடி ஆராயவேண்டிய இடம் இதுவென்பதை மட்டும் இங்குச் சுட்டுகின்றோம்.

இனி, இவ்வுழைப்பின் சமுதாய நிலையை நோக்குவோம். அதே பெரும்பாணாற்றுப்படையில் எயினர் பற்றிய பகுதி குறிப்பிடத்தக்கது. பகைவர் நிலம் புகுந்து ஆநிரையைக் கவர்ந்த மறவர், அவற்றை நறவுக்கு விலையாகத் தொலைக்கின்றனர். இல்லத்தில் அட்ட தோப்பியையும் பருகுகின்றனர். விலைக்குக் கொள்ளும் நறவும் வீட்டில் ஆக்கும் தோப்பியும் அடுத்தடுத்த அடிகளிலேயே நிற்கின்றன. முன்னது பரிமாற்றத்திற்குரியது, பின்னது நுகர்விற்குரியது. பொருநராற்றுப்படையில் இப்பரிமாற்றத்தின் மற்றொரு முகத்தைக் காண்கின்றோம். தேனையும் கிழங்கையும் தந்தோர் மீன்நெய்யையும் நறவையும் பெறுகின்றனர். கரும்பையும் அவலையும் தந்தோர் மான் தசையையும் மதுவையும் பெறுகின்றனர். திணைகளுக்கிடையே நடமாடிய பண்டங்களுள் மதுவும் ஒன்றாயிற்று என்பது இதனாற் பெறப்படும். வலைஞரது சாடிக்கு வேண்டிய நெல் எங்கிருந்து வந்தது எனப் பெரும்பாணாற்றுப்படை கூறவில்லை. இத்தகைய மாற்றினாலே வந்திருத்தல் கூடும் என ஊகிக்கலாம்.

உருத்திரங்கண்ணனார் பெயரால் வழங்கும் பட்டினப்பாலைக்கு வரும்போது காட்சி முற்றிலும் மாறுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்தில் தெய்வத்திற்கு எடுத்த கொடிகளுக்கும், வாதிட அழைக்கும் ஆசிரியரின் கொடிகளுக்கும், நாவாய்களின் கொடிகளுக்கும் இணையாகக் கள் விற்போரின் கொடியும் பறக்கின்றது. மகளிர் ஒரு வகை மதுவை விலக்கி மற்றொரு வகையை விரும்பி மகிழ்கின்றனர். ஆக்கமுறை பற்றி ஒரு சொல்லேனும் இல்லை. பிழாவும் சாடியும் அடையும் மறைந்துவிட்டன. கொடியும் விலையும் தெரிவும் எஞ்சியுள்ளன. ஒரே புலவர் பெயரால் வழங்கும் இரு பாட்டுக்களிடையே காணப்படும் இம்மாற்றத்தை வளர்ச்சியின் காலவரிசையாகக் கொள்ளுதல் தவறாகும். இரண்டும் ஒரே காலத்தில், வெவ்வேறு நிலங்களில், அருகருகே நிலவியவை. தமிழகத்தின் திணைகள் சமனற்ற வளர்ச்சியைக் காட்டுவன என்று கா. சிவத்தம்பி 1974 இல் வெளியிட்ட கட்டுரையிற் கூறிய கருத்திற்கு, மதுச் சாடியும் ஒரு சான்றாகின்றது.

இவ்வரிசையின் மறுகோடியில் நிற்பது புறநானூற்றின் 56 ஆம் செய்யுள். யவனர் நற்கலங்களிற் கொணர்ந்த குளிர்ந்த தேறலை, வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, பாண்டியன் நன்மாறன் நாடோறும் உண்டு மகிழுமாறு நக்கீரர் வாழ்த்துகின்றார். 1945 இல் வீலர் நடாத்திய அரிக்கமேட்டு அகழ்வில் மத்தியதரைப் பகுதியின் மதுச் சாடித் துண்டுகள் கிடைத்தமை இவ்வாணிகத்திற்குத் தக்க சான்றாகும். நாம் எடுத்துக்கொண்ட செய்யுள்களை ஒருங்கு நோக்கின் ஓர் ஒழுங்கு புலனாகும். மது உண்பவனின் நிலை உயர உயர, அதனை ஆக்கியவனின் கை செய்யுளிலிருந்து மறைகின்றது. வலைஞர் குடிலில் ஆக்கமே செய்தி; அரண்மனையிற் கலமே செய்தி.

குடிலிலும் எல்லாக் கைகளும் ஒரே அளவில் தெரிவதில்லை. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்து நெய்தல் விருந்து இதற்குச் சான்று. அலைகள் கொணர்ந்த அகில் விறகை எரித்து நுளைமகள் அரித்த பழந்தேறலைப் பரதவர் பாணனுக்கு அளிக்கின்றனர். திங்களும் ஏங்கும் முகம், வேல்முனை போன்ற நோக்கு என அவளது அழகு அடிகளை நிரப்புகின்றது. அவளது உழைப்பு அரித்தல் என்னும் ஒற்றை வினையில் அடங்கிவிடுகின்றது. ஆக்கியவள் அவள், வழங்கிய பெயர் ஆடவர்க்கு. அகநானூற்றில் அரியற் பெண்டிர் என்னும் தொடரும் வருதலால், மது ஆக்கத்திலும் விற்பனையிலும் பெண்களின் பங்கு சிறிதன்று என்பது துணியப்படும்.

இங்கு ஆற்றுப்படை என்னும் இலக்கிய வடிவத்தின் இயல்பையும் மனங்கொள்ளல் வேண்டும். வழியிலுள்ள குடிகள் தரும் விருந்து, அவர்களின் ஈகையாக மட்டும் கூறப்படுவதில்லை. அவ்விருந்தெல்லாம் அவர்களை ஆளும் தலைவனின் செங்கோற் சிறப்பிற்குச் சான்றாக்கப்படுகின்றது. பாணனை நோக்கிப் பெறுகுவிர் என முன்னிலைப்படுத்தும்போது, பெறுபவன் தெளிவாகத் தெரிகின்றான். தருபவர் நிலத்தின் ஒரு பகுதியாகக் கலந்துவிடுகின்றனர். கைலாசபதி 1968 இல் வெளியிட்ட ஆய்வில் இப்பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்புநோக்கி, பாணர் மரபின் தன்மையை எடுத்துக்காட்டினார். பாணன் கொடையை நாடியவன். எனவே அவனது நோக்கு வழங்கும் கையின்மேல் நிலைத்தது. அதியமான் மறைந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலையிலும், அவன் தந்த கள் நினைக்கப்படுகின்றது. அடப்பட்ட கள் நினைக்கப்படவில்லை. இதனை ஔவையாரின் குறையாக நாம் கூறவில்லை. அத்துயரின் உண்மையை எவரும் மறுக்கமாட்டார். ஆனாற் பாணனின் கண்ணோட்டத்தையே இன்றைய ஆய்வாளரும் தமதாக்கிக்கொள்வதுதான் எமது மறுப்பிற்குரியது.

அறவியல் நோக்கினைப் பற்றியும் சில கூறல் வேண்டும். திருக்குறளின் 93 ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அது பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதிற்கும் நடுவே வைக்கப்பட்டுள்ளது. மூன்றும் பொருளை அழிக்கும் வழிகள். அவ்வதிகாரத்திலே பொருளைக் கொடுத்து மயக்கத்தை வாங்கும் அறியாமையைக் கடியும் குறளொன்றும் உண்டு. முழு அதிகாரமும் விலைக்கள்ளை மட்டும் குறித்ததென நாம் வாதிடவில்லை. தாய்முன் களித்தலும் சான்றோர்முன் நாணிழத்தலும் அங்குக் கடியப்படுகின்றன. ஆயினும் வள்ளுவர் கண்முன் நின்ற கள் கொடி பறந்த வீதியின் கள்ளுமாகும் என்பதை, இவ்வைப்புமுறை எமக்கு நினைவூட்டுகின்றது. வலைஞர் சாடியையும் அவ்வீதியையும் ஒன்றாக்கி, ஒரே தீர்ப்பை இரண்டிற்கும் வழங்குதல் வரலாற்று நோக்காகாது. அவ்வாறே, கள்ளால் அழியும் ஏழைக் குடும்பத்தைக் கண்ட பின்னரும் சங்கக் கள்ளைப் பாடிக் களித்தல் முற்போக்கு நோக்கும் ஆகாது.

பிற்காலத்தில் இல்லடு கள்ளுக்கு நேர்ந்ததையும் கூறி அமைவோம். சென்னை மாகாணத்தின் அப்காரிச் சட்டம் 1886 இல் வந்தது. இலங்கையில் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டம் வந்தது. உரிமமின்றி மது ஆக்குதல் குற்றமாயிற்று. வரி அரசின் வருவாயாயிற்று. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிற் பதித்தது 1889 இல். இவற்றிடையே காரணகாரியத் தொடர்பு எதுவுமில்லை. எனினும், இல்லத்து ஆக்கத்தை அரசு தன் உரிமையாக்கிக்கொண்ட காலத்திலேயே, அவ்வாக்கத்தின் பழைய பதிவு கற்றோர் கைக்கு வந்தது. கற்றோர் அதனைப் பழம்பெருமையின் சான்றாகப் படித்தனர். ஊரில் அடுவோர் குற்றவாளிகளாக நின்றனர். இங்கிலாந்து 1963 இல் வீட்டுத் தேவைக்குப் பியர் ஆக்குவோரிடம் உரிமம் கோருவதைக் கைவிட்டது. அதன் ஆட்சி விதித்த சட்டமரபோ எமது நாடுகளில் அதன்பின்னும் தொடர்ந்தது. உரிமம் பெற்ற மதுவின் விலைக்கு எட்டாத வறியோர் கசிப்பை நாடி உடல் கெடுவதும் இவ்வரலாற்றின் ஒரு விளைவாகும்.

இல்லடு கள்ளை மீட்கவேண்டும் என்பது எமது வாதமன்று. மதுவின் தீமை வேறு, மது ஆக்கியோரின் வரலாறு வேறு. இரண்டையும் குழப்பியதனாலேயே பின்னது எழுதப்படாமற் போயிற்று. பிழாவில் களியை ஆற்றியவரும், சாடியின் பக்குவம் அறிந்தவரும், தேறலை அரித்த நுளைமகளும் எமது இலக்கியத்திற் பெயரின்றி உள்ளனர். அவர்களின் அறிவை அறிவென ஏற்றுக்கொள்ளும் ஆய்வே, பத்துப்பாட்டை மக்களின் இலக்கியமாகப் படிப்பதற்கு வழிசெய்யும்.