கறுப்பின் ஆழம்

அச்சில் வந்த படங்களிலேயே ரசிக்கத் தக்க கறுப்பு எது என்று கேட்டால், தயங்காமல் போட்டோகிராவூர் என்பேன். நம் பத்திரிகைகளை நெடுங்காலம் தாங்கிய ஹாஃப்டோன் பிளாக்கில் மை எங்கும் ஒரே கனம்தான். புள்ளி பெரிதானால் இருட்டு, சிறிதானால் வெளிச்சம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் முகம் புள்ளிகளாகக் கலைந்துவிடும். கிராவூரில் அந்தக் கண்கட்டு கிடையாது. இருண்ட இடத்தில் செப்புத் தகடு உண்மையிலேயே ஆழமாகக் குழிந்திருக்கும், அங்கே மை கூடுதலாகத் தங்கும், தாளிலும் அத்தனையும் வந்து இறங்கும்.

இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட் தொடங்கிவைத்த இந்த முறையை 1879-இல் வியன்னாவில் கரெல் கிளிச் செம்மையாக்கினார். மெருகேற்றிய தகட்டில் பிசின் தூளைப் பனிபோலப் படியவிட்டு, சூடுகாட்டி ஒட்டவைப்பார்கள். மையைப் பிடித்து வைக்கும் நுண்ணிய சொரசொரப்பு அதிலிருந்து வருவது. டைகுரோமேட்டில் ஊறிய ஜெலட்டின் தாள், படத்தின் பாசிட்டிவுக்கு அடியில் வெளிச்சம் வாங்கும். ஒளி பட்ட அளவுக்கு இறுகும். அதைத் தகட்டில் ஒட்டி வெந்நீரில் கழுவினால், நிழலில் மெல்லியதாகவும் வெளிச்சத்தில் தடித்ததாகவும் ஒரு படலம் மிஞ்சும்.

எனக்கு மிகப் பிடித்தது அடுத்து வரும் அரிப்புதான். ஃபெரிக் குளோரைடு அடர்த்தியாக இருக்கும்போது மெல்லிய படலத்தை மட்டுமே ஊடுருவும். தண்ணீர் கூடக் கூடத் தடித்த ஜெலட்டினையும் கடந்துபோகும். ஆகவே அடர்ந்த கரைசலில் தொடங்கி, படிப்படியாக நீர்த்த தொட்டிகளுக்குத் தகட்டை மாற்றுவார்கள். கரிய நிழல் முதலில் அரிபடத் தொடங்கிக் கடைசிவரை அரிபடும். வானமும் நெற்றியும் முடிவில் சற்றே தொடப்படும். எந்த நொடியில் தொட்டி மாற்றுவது என்பது கைதேர்ந்தவரின் கண்ணில் இருக்கிறது. பிறகு மை பூசி, வலைத்துணியால் வழித்து, உள்ளங்கையால் துடைத்து, நனைத்த தாளோடு உருளையில் கொடுக்க வேண்டியதுதான்.

நியூயார்க்கில் 1903 முதல் 1917 வரை ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் நடத்திய ‘கேமரா ஒர்க்’ இதழ் இக்கலையின் உச்சம். பல படங்களை மெல்லிய ஜப்பானியத் தாளில் அச்சிட்டு, கையால் ஒட்டினார்கள். 1907-இல் கப்பலில் அவர் எடுத்த ‘தி ஸ்டீயரேஜ்’ 1911-இல் அதில் வந்தது. மேல்தளத்தில் வைக்கோல் தொப்பி, குறுக்கே வெள்ளைப் பாலம், கீழே சால்வை போர்த்திய பெண்கள். பாலத்துக்கு அடியிலுள்ள இருட்டுக்குள்ளும் ஆட்கள் நிற்பது தெரிகிறதே, அந்த மென்மை பளபளக்கும் ஒளிப்படத்தாளில் வராது என்பது என் கணிப்பு. 1915-இல் அதையே பெரிய அளவில் வெளியிட்டபோதும் ஸ்டீக்லிட்ஸ் தேர்ந்தது கிராவூரைத்தான்.