பேரவைத் தலைவர் இருக்கை: சென்னை முதல் தமிழ்நாடு வரை

சென்னை மாகாண மன்றத்தை ஆளுநரே தலைமையேற்று நடத்திய காலம் 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தோடு முடிந்தது. 1921இல் கூடிய மன்றத்துக்கு முதல் தலைவராக வந்தவர் சர் பி. இராஜகோபாலாச்சாரி. அவரும் ஆளுநரின் நியமனமே. பின்னர் அந்த இடத்துக்கு வந்த எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை, மன்றச் செயலாளராக இருந்தவர். இந்தியக் காலக்கணிதத்துக்குப் பெரும் பஞ்சாங்க நூல் தந்த அறிஞர். விதியும் குறிப்பும் அறிந்த நிர்வாகிகளின் தலைமை என்று அந்தத் தலைமுறையைச் சொல்லலாம்.

1937இல் தேர்தல் வழி அமைந்த பேரவை, விடுதலைப் போராளி புலுசு சாம்பமூர்த்தியைத் தலைவராக்கியது. 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்துக்காக அவர் பதவியைத் துறந்தார். 1946 முதல் 1955 வரை இருந்த ஜே. சிவசண்முகம் பிள்ளை, ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து அந்த இருக்கைக்கு வந்த முதலாமவர். மாகாண அவை குடியரசின் அவையாக மாறியது அவர் காலத்தில்தான்.

1967க்குப் பின் அவையின் நடை மாறியது. சி.பா. ஆதித்தனார் காலத்தில் திருக்குறளோடு அவை தொடங்கும் வழக்கம் வந்தது. புலவர் கோவிந்தன், தமிழ்க்குடிமகன், காளிமுத்து என்று தமிழ் படித்தவர்கள் வெவ்வேறு காலங்களில் அமர்ந்தனர். அவையில் தமிழ் நிலைபெற்றதில் இவர்களுக்குப் பங்குண்டு. ஆனால் நல்ல தமிழ் நடுநிலைக்கு உத்தரவாதம் அல்ல.

அது வெளிப்பட்டது 1972இல். எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டதும் கட்சி பிளந்தது. பேரவைத் தலைவர் கே.ஏ. மதியழகன், முதல்வர் மக்களிடம் போக வேண்டும் என்று சொல்லி நவம்பரில் அவையை ஒத்திவைத்தார். டிசம்பர் 2ஆம் தேதி அவை மீண்டும் கூடியபோது, அவர் மீதே நம்பிக்கையில்லாத் தீர்மானம். மதியழகன் தம் இருக்கையை விட்டு எழவில்லை. பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுத் துணைத் தலைவர் பெ. சீனிவாசன் அமர்ந்து அவையை நடத்தினார். ஒரே மேடையில் இரண்டு தலைவர்கள்! பதவிநீக்கத் தீர்மானம் எடுக்கப்படும்போது தலைவர் தலைமை வகிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 181ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது.

அதிகாரத்தை உச்சிக்குக் கொண்டுபோனவர் 1985இல் வந்த பி.எச். பாண்டியன். தம் பதவிக்கு ‘வானளாவிய அதிகாரம்’ உண்டு என்றார். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த நகைச்சுவைத் துணுக்குக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு அவை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாளில் விடுவிக்கப்பட்டார். பின்னாளில் உயர்நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. தொகை சிறிது, வானத்துக்கும் எல்லை உண்டு என்று காட்ட அது போதும்.

1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் தலைவரை நீதிபதி ஆக்கியது. அந்த வேலையில் அவர் தீர்ப்பாயம் போன்றவர், அவர் முடிவை நீதிமன்றம் ஆராயலாம் என்று 1992இல் உச்சநீதிமன்றம் கூறியது. 2017 பிப்ரவரி 18 அன்று பேரவைத் தலைவர் ப. தனபால் நடத்திய நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு 122க்கு 11 என வென்றது. ஆளுங்கட்சியிலிருந்தே எதிர்த்து வாக்களித்த 11 பேர் மீது நடவடிக்கை இல்லை; முதல்வருக்கு எதிராக ஆளுநரிடம் மனுக் கொடுத்த அதே கட்சியின் 18 பேரோ செப்டம்பரில் தகுதி இழந்தனர். 2018இல் உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட, மூன்றாம் நீதிபதியின் தீர்ப்பால் அந்தத் தகுதிநீக்கம் நிலைத்தது. சட்டப்படி செல்லும் என்பது வேறு, ஒரே அளவுகோல் என்பது வேறு.

புதிய தலைவரை அவை முன்னவரும் எதிர்க்கட்சித் தலைவரும் இருக்கை வரை அழைத்துச் சென்று அமர்த்துவது மரபு. கட்சி உறுப்பினர் பதவியைத் துறந்துவிட்டு அங்கே அமர்வது மட்டும் தமிழ்நாட்டில் மரபாகவில்லை.