நான் என்ன எலியா?

ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு டீக்கடை. சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வந்தவர் தன் மாமனார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பெங்களூருவில் ஓர் ஆஸ்பத்திரி. சர்க்கரை வியாதிக்குப் புது மருந்து ஆராய்ச்சி. ‘சேர்றீங்களா?’ என்று கேட்டு, பக்கம் பக்கமாக ஒரு ஃபாரத்தை நீட்டியிருக்கிறார்கள். பாதி இங்கிலீஷ், பாதி கன்னடம். மாமனார் வீட்டில் பேசுவது தெலுங்கு, படித்தது தமிழ். ‘‘நான் என்ன எலியாய்யா?’’ என்று எழுந்து வந்துவிட்டாராம். கடையே சிரித்தது.

‘விழிப்பு உணர்வு இல்லாத ஜனங்க’ என்று டாக்டர்கள் அலுத்துக்கொள்வார்கள். எனக்கென்னவோ மாமனார் விழிப்பாகத்தான் இருந்தார் என்று படுகிறது.

2009-ல் ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஆய்வு நடத்தினார்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். சாவுக்கு ஊசி காரணமில்லை என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. சரி, ஏற்போம். ஆனால், பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தை கம்மத்தில் ஹாஸ்டல் வார்டன்கள் போட்டிருந்தார்களே... அதற்கு என்ன சமாதானம்? 2013-ல் நாடாளுமன்றக் குழு காய்ச்சி எடுத்தது.

2020-ல் கொரோனா தடுப்பூசி ஆய்வில் சேர்ந்த ஒரு சென்னைக்காரர், தனக்கு நரம்பு பாதிப்பு வந்ததாகச் சொல்லி ஐந்து கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் விட்டார். ஆய்வை நிறுத்தத் தேவையில்லை என்றது அரசு. தயாரிப்பு நிறுவனமோ, ‘உங்கள் மீது 100 கோடிக்கு மேல் கேட்போம்’ என்றது! தன்னார்வலராக வந்தவருக்கே இந்த மரியாதை என்றால், அடுத்தவர் ஏன் கையை நீட்டுவார்? பி.காம். படித்தவனுக்கு இந்த லாப நஷ்டக் கணக்குகூடவா புரியாது?

இதே சென்னையில்தான் 1956-ல் 193 டி.பி. நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. பெரும்பாலும் ஏழைகள். பாதிப் பேருக்கு சானடோரியம், மீதிப் பேருக்கு வீட்டிலேயே மாத்திரை. ஆய்வு ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடிப் போனார்கள். மாத்திரையை எண்ணினார்கள். குடும்பத்தாரையும் வருடக்கணக்கில் பரிசோதித்தார்கள். வீட்டு வைத்தியமும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக அதுவும் ஒரு காரணம். நம் ஜனங்கள் அப்போது மட்டும் எப்படி ஒத்துழைத்தார்கள்? வாசல்வரை வந்து உட்கார்ந்து பேசினார்கள், அவ்வளவுதான்.

2019 விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு வந்தால் நஷ்டஈடு உண்டு. புரிகிற மொழியில் விளக்க வேண்டும். சேர மறுத்தாலும் வழக்கமான வைத்தியம் நிற்காது. இதில் ஒரு வரியைக்கூட மாமனாரிடம் யாரும் சொல்லவில்லை.

‘‘இப்ப அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போறதில்லைங்க. மாத்திரைல எதையாவது கலந்துடுவாங்களோனு பயம். பழைய சீட்டைக் காட்டி இங்கேயே மெடிக்கல்ல வாங்கிக்கிறாரு’’ என்றார் மருமகன், டீக்குக் காசு கொடுத்தபடி.