சாக் கணக்கில் வராதது

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஓர் அணி தோற்றால் அதன் தடுப்பு வரிசையைத் திட்டுவது சுலபம். 2021 பிப்ரவரி சூப்பர் பவுலைப் பார்த்துவிட்டு நானும் அதைத்தான் செய்தேன். டாம்பா பே 31, கன்சாஸ் சிட்டி 9. குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் ஆட்டம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். வலது ஓரத்தில் நின்ற ஆண்ட்ரூ வைலி இதற்குச் சரிப்பட மாட்டார் என்பது என் தீர்ப்பு. அது தப்பு என்று இப்போது படுகிறது.

ஸ்டண்ட் என்பது எளிய தந்திரம்தான். உள்ளே நிற்கும் எதிரணிக்காரர் வெளிப்பக்கம் பாய்வார். வெளியே நிற்பவர் அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றி உள்ளே வருவார். நம் கார்டு தன் ஆளையே துரத்திப் போனால் பக்கத்து டேக்கிள் மேலேயே மோதுவார். நடுவில் வழி திறந்துவிடும்.

இதை பலத்தால் அடைக்க முடியாது. ஆளை விட்டுவிட்டு இடத்தைக் காக்கணும். கார்டும் டேக்கிளும் ஒரே அளவு பின்வாங்கி நிற்கணும். பாய்ந்து வருபவரை கார்டு ஒரு தள்ளு தள்ளி டேக்கிளிடம் ஒப்படைத்துவிட்டு, சுற்றி வருபவருக்காக நிற்கணும். கண்ணிமைக்கும் நேர வேலை. பக்கத்து ஆள் என்ன செய்வார் என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

அன்று அந்தப் பழக்கம்தான் இல்லை. ஃபிஷர், ஷ்வார்ட்ஸ் என்ற இரண்டு டேக்கிள்களும் காயத்தால் வெளியே. ரெம்மர்ஸ் வலமிருந்து இடத்துக்குப் போனார். கார்டாக ஆடிய வைலி டேக்கிள் ஆனார். டாம்பா பே பெரும்பாலும் நாலே பேரை அனுப்பித்தான் நெருக்கியது. ஆனாலும் பந்தோடு குவார்ட்டர்பேக்கை வீழ்த்திய சாக் கணக்கு வெறும் 3. சர்வர் விழுந்தால்தான் பிரச்சினை என்று நினைக்கிற ஆட்கள் இந்தக் கணக்கில் திருப்தி அடையலாம்.

2023 பிப்ரவரியில் எதிரே ஃபிலடெல்ஃபியா. சீசனில் 70 சாக் எடுத்த அணி. இறுதி ஆட்டத்தில் ஒன்றுகூட இல்லை. கன்சாஸ் சிட்டி 38-35 என வென்றது. வலது டேக்கிள் யார்? அதே வைலி! துனி, ஹம்ஃப்ரி, ட்ரே ஸ்மித் மூவரும் வரிசையின் நடுவில் இரண்டு சீசன் சேர்ந்து ஆடியிருந்தார்கள். வழுக்கிய தரையும், மஹோம்ஸ் 27 முறை மட்டுமே பந்து வீசியதும் உதவின, மறுக்கவில்லை. ஆனால் ஆள் மாறாமலே முடிவு மாறியதே!

அடுத்த முறை ரீப்ளேயில் பந்தை விடுங்க. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு தடுப்பாளர்களின் கால்களைப் பாருங்க.